ஆறு மீட்டர் தொண்ணூறு

வரைபடத்தில் சிலைமான் ஒரு கைக்குட்டை அளவு.
மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம்,
ஊதா தொழில், பச்சை விவசாயம்.
பச்சை பூசிய இடத்தில் பயிர் நிற்க வேண்டும் என்று
எந்த விதியிலும் இல்லை.
பதினாறு வருடமாக நிறம் மாற்றுகிறேன்.
மாற்றுவது பென்சில்தான், நீங்க இல்லை
என்பார் கண்காணிப்பாளர் ரெஜினாள்.

இன்றைய கோப்பு ஒல்லி.
புல எண் 114/3பி, ஏழு சென்ட்,
மஞ்சளிலிருந்து ஊதாவுக்கு.
மனுதாரர் சோணைமுத்து, வெல்டிங் பட்டறை.
பதினோரு வருடமாக நடத்துகிற பட்டறையை
நடத்தலாமா என்று இப்போது கேட்கிறார்.
பேங்கில் லோன் கேட்டிருக்கிறார்;
அவர்கள் நிலத்தின் நிறத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

முப்பது நாளில் வந்த ஆட்சேபணை ஒன்றே ஒன்று.
எதிர்வீட்டு அமலோற்பவம், கோடு போட்ட தாளில்:
பகலெல்லாம் கட்டர் சத்தம்,
சுவரில் நீல மின்னல்,
என் மகள் கண்ணை மூடிக்கொண்டே
வாசற்படி இறங்கப் பழகிவிட்டாள்.
கடைசியில், கையெழுத்துக்கும் கீழே:
எங்க வீட்டு கேட்டும் அவர் செஞ்சதுதான்.
அதில் ஒரு குறையும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை,
பங்குனி வெயில்.
வாசலில் பாதி முடிந்த ஷட்டர்,
எந்தக் கோயிலுக்கோ ஒரு உண்டியல் கூண்டு,
யாரும் கேட்காமல் பாடும் ரேடியோ.
நாலு எல்லை, ஷெட்டின் உயரம், மின் இணைப்பு எண்
எல்லாம் சரி.
மிச்சம் சாலையின் அகலம்.
ஏழு மீட்டர் வேண்டும்.

கூட வர வேண்டிய வில்வநாதன் விடுப்பு.
நாடாவின் மறுமுனையை மனுதாரரே பிடித்தார்.

துணி நாடா.
தெருவின் நடுவே காற்று அதன் வயிற்றைத் தூக்கியது.
தொய்ந்த நாடா தாராள மனசுக்காரி.
என் கட்டைவிரலுக்குக் கீழே
ஏழு மீட்டர் இரண்டு.
பேனாவை எடுத்துவிட்டேன்.

"இருங்க மேடம், தொங்குது."

குந்தி உட்கார்ந்தார்.
வளையத்தைச் சுவரோடு அழுத்தி இழுத்தார்.
ஒரு நூல் பிசகினாலும் கதவு சாத்தாது என்று
தெரிந்த கை.
நாடா கம்பியாகிவிட்டது.
ஆறு மீட்டர் தொண்ணூறு.

சொன்னேன்.
எவ்வளவு வேணும் என்றார்.
அதையும் சொன்னேன்.
தெருவைப் பார்த்தார். என் கால் பக்கம்,
நான் நாடாவை வைத்திருந்த எதிர்வீட்டுப் படியைப் பார்த்தார்.
ஒரு முழம் சாலைக்குள் வந்திருந்த படி.
அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"மோர் குடிக்கிறீங்களா?"

மறுநாள் மேசையில் அடுத்த கோப்பு, தலையணை மாதிரி.
இருபத்திரண்டு ஏக்கர், பச்சையிலிருந்து மஞ்சளுக்கு.
அளவுகள் கணினியில் வரைந்து, பைண்டு செய்து வந்திருந்தன.
கண்மாய்க்கு ஓடும் வாய்க்கால் ஒரு மயிர்க்கோடு,
அதன் மேல் 'பூங்கா' என்று அச்சடித்திருந்தது.
சாலை பன்னிரண்டு மீட்டர்.
இன்னும் போடாத சாலை, அதனால் குறையாது.
ஆட்சேபணை: இல்லை.

நான் ஒல்லிக் கோப்புக்குத் திரும்பினேன்.
அகலம் எழுதும் கட்டம்
மூன்று எண்ணுக்குத்தான் இடம் தரும்: 6.90.
குறிப்புரையில்,
எதிர்வீட்டுப் படி சாலைப் புறம்போக்கில்
நாற்பது சென்டிமீட்டர் நீட்டியுள்ளது
என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
ஒரு பெண்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இறங்கும் படி.
வரியை அடிக்கவில்லை,
அடிக்கோடும் போடவில்லை.

ரெஜினாள் பக்கம் புரட்டினார், நின்றார்.
நாடாவோட அந்த முனையை யார் பிடிச்சது?
மனுதாரர், மேடம்.
கண்ணாடியைக் கழற்றினார்.
மனுதாரர் பிடிச்சுமா பத்து சென்டி குறையுது?

ஆமா மேடம்.
நல்லா இழுத்துப் பிடிச்சார்.