ஏரிக்குள் என் கடை

மைனஸ் முப்பத்தொன்று.
ஃபர்னஸ் செத்துப்போன வீட்டில் ஒருத்தி
இரண்டு போர்வைக்குள் கிடந்தபடி
கைபேசியிடம் கேட்கிறாள்:
பக்கத்தில் யாராவது?

பக்கத்தில் நான் இருந்தேன்.
இரண்டு தெரு தள்ளி, பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.
ஆனால் வரைபடத்தில்
என் சிவப்புக் குண்டூசி
சுப்பீரியர் ஏரிக்குள் குத்தி நின்றது,
கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர்.
அங்கே யாருக்கு வெப்பம் ஊட்டுவேன்,
மீனுக்கா?

அவள் வேறு எவனையோ அழைத்தாள்.
எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்
வின்னிபெக்கில் ஃபோன் எடுக்கிறவன்.
ஆள் வர மறுநாள் மாலையாயிற்று.
அதற்குள் குழாய் வெடித்து
சமையலறைத் தரை கண்ணாடியாகிவிட்டது.
இதையெல்லாம் அவளே சொன்னாள்,
காப்பிக் கடை வரிசையில்,
முன்னால் நிற்பவன் யாரென்று தெரியாமல்.
என் கோப்பையை அவசரமாக மூடிக்கொண்டேன்.

அன்றிரவு கணினி முன் உட்கார்ந்தேன்.
முகவரியில் 'வடக்கு' என்ற சொல்லை
விட்டிருக்கிறேன், ஒன்பது வருடமாக.
தண்டர் பேயில் ஒரு திசையை மறந்தால்
மனிதன் தண்ணீரில் விழுவான்.

பெயரும் ஒன்றில்லை.
ஓரிடத்தில் 'சாரெலா சகோதரர்கள்'.
ஓரிடத்தில் 'சாரெலா அண்ட் சன்ஸ்',
அது எவன் கற்பனையோ.
மற்றோரிடத்தில் வெறும் ரெய்னோ சாரெலா, ஹீட்டிங்.
ஆல்பர்ட்டாவுக்குப் போய்விட்ட வெய்க்கோ,
பிறக்காத பிள்ளைகள்,
பிறகு நான்.
இத்தனை பேரும் ஒரே வேனுக்கு அடித்துக்கொண்டால்
தேடுபொறி யாரைத்தான் நம்பும்?

இரண்டே விமர்சனம்.
ஒன்று வெய்க்கோ தனக்குத்தானே எழுதிக்கொண்டது.
மற்றது:
'வழிகாட்டி சொன்னபடி போனேன். படகுத்துறை வந்தது.
கடை இல்லை. ஒரு நட்சத்திரம்.'
பதில் எழுதினேன்:
'மன்னிக்கவும். கரையேறிவிட்டேன்.'

உறுதிச்சீட்டு பன்னிரண்டு நாள் கழித்துத் தபாலில் வந்தது.
ஐந்து இலக்கம்.
நான் இருக்கிறேன் என்பதற்கு
இவ்வளவு சிக்கனமான சாட்சியை
நான் கண்டதில்லை.

படம் போடு என்றது.
விரிசல் விட்ட வெப்பமாற்றியை,
கரி அப்பிய என் கையை,
கார்னியரின் நிலவறையில் ஃபில்டருக்குப் பின்னால்
குடும்பம் நடத்திய அணிலைப் போட்டேன்.
அணிலுக்குத்தான் கூட்டம்.

மிச்சமிருந்தது பழைய எண்.
வெய்க்கோவுடையது. ஏழு இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.
யாரிடம் இருக்கிறது பார்ப்போமென்று அழைத்தேன்.
நான் வாய் திறக்கும் முன்னே ஒரு பெண்:
"ஃபர்னஸா? குழாயா?
வீட்டில் குழந்தை இருக்கிறதா?"

டெல்ஃபின் மூனியாஸ்,
மருத்துவமனையில் இராப்பணி நர்ஸ்.
மூன்று குளிர்காலமாக
என் வாடிக்கையாளர்கள் அவள் பகல் தூக்கத்தில் வந்து விழுந்திருக்கிறார்கள்.
முதலில் திட்டினாளாம்.
பிறகு வால்வை மூடச் சொல்லவும்
தண்ணீரைச் சொட்டவிடச் சொல்லவும் பழகிவிட்டாளாம்.
நாள்காட்டியின் பின்பக்கத்தில் இருபத்துமூன்று பெயர்.
வாசித்தாள். எழுதிக்கொண்டேன்.
ஒவ்வொருவராக அழைத்தபோது
பலருக்கு ஃபர்னஸ் சரியாகியிருந்தது.
ஒரு கிழவர் மட்டும்,
"இப்போதாவது அழைத்தாயே" என்றார்.
எத்தனை வருடம் என்று நான் கேட்கவில்லை.

ஆறு இடத்தில் எண்ணை மாற்றிவிட்டேன்.
ஏழாவதன் கடவுச்சொல் வெய்க்கோவிடம்.
அவனிடம் கேட்கவில்லை, இன்னும்.

தேடினால் இப்போது மூன்றாவதாக வருகிறேன்.
குண்டூசி என் தெருவில், என் கூரைமேல்.
சரியாகச் சொன்னால், பக்கத்து வீட்டு ஷெட்டின்மேல்.
பரவாயில்லை, நடக்கிற தூரம்.

நேற்று மதியம் ஃபோன்.
தூக்கம் கலைந்த குரல், வணக்கமெல்லாம் இல்லை:
"ஹார்பர் தெரு, பச்சைக் கதவு.
கைக்குழந்தை. வால்வை மூடச் சொல்லிவிட்டேன்.
கிளம்பு."