ஈற்றில் ஓர் ஆம்

செவ்வாய் விடியலில் மாயேபூர் துறையிலிருந்து
மூவர் ஒரு படகில் போனார்கள்.
இது செய்தி.
இதற்கு மேல் வியாழன் மதியம்வரை
என்னிடம் ஒன்றுமில்லை,
ஒரு சிவப்பு பெட்ரோல் கேனைத் தவிர.
எக்ரெத் தீவின் பாறையில் சிக்கியிருந்ததாம்.
கடலோரக் காவலர் கொண்டுவந்து காட்டினார்:
பாதி எண்ணெய். மூடி இறுகியிருந்தது.

துறையில் நூடுல்ஸ் வண்டிக்காரர் சொன்னார்:
அந்தக் காற்றில் போயிருக்கவே கூடாது.
மீனவர் சங்கச் செயலாளர் சொன்னார்:
ரேடியோ வாங்க மானியம் தந்திருந்தால்...
இருவர் பெயரையும் எழுதிக்கொண்டேன்.
கருத்துக்கு ஒரு முகவரி வேண்டும்,
பிடிக்காதவர் போய்க் கதவைத் தட்ட.

மூன்றாவது ஒன்று உண்டு, அதற்கு வீடே கிடையாது.
பேருந்து நிலையத்தில் ஏறி
கியூர்ப்பிப்பில் இறங்குவதற்குள்
அது படகில் கஞ்சா ஏற்றிவிட்டது,
ரெயூனியன் கரையில் இறக்கியும்விட்டது,
மூவரில் ஒருவனுக்கு அங்கே
இன்னொரு குடும்பமும் வைத்துவிட்டது.

மாலை பிரெஞ்சில் தாள் வந்தது.
நிச்சயமில்லாததைச் சொல்ல அவர்கள்
வினைச்சொல்லை லேசாக வளைப்பார்கள்.
நமக்கு இரண்டெழுத்து போதும்:
மூவரும் ரெயூனியனில் கரைசேர்ந்தனராம்.
நானே எழுதினேன். நானே வாசித்தேன்.
பழியை ஊர் தலையில் வைத்துவிட்டு
நழுவத் தெரிந்த சொல் அது.

வெள்ளி காலை வானொலி நிலைய வாசலில்
கலாவதி சூப்ராயேன்.
கணவனின் மழைக்கோட்டைப் போட்டிருந்தாள்.
கிரியோலில்தான் பேசினாள்:
"தமிழ் எனக்குக் கோயில் அளவுக்குத்தான்.
வேல் தெரியும். அரோகரா தெரியும். ஆம் தெரியும்.
நேற்று நீங்கள் ஆம் என்றீர்களே."

இரவே அவன் சட்டைகளைத் துவைத்துப் போட்டாளாம்.
இல்லை, போட்டாள்.
பிறகு போய்ப் பார்த்தேன்,
கொடியில் நான்கு சட்டைகள்.

ஒட்டி நிற்கும் ஆம் வேறு, தனித்து நிற்கும் ஆம் வேறு என்று
இலக்கணம் சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.
அவள் காதுபட ரெயூனியனுக்குப் போன் போட்டேன்,
முந்தின நாளே போட்டிருக்க வேண்டிய போன்.
எந்தப் படகும் வரவில்லை.

கேனின் படத்தைக் காட்டினேன்.
கைப்பிடியில் நீல நைலான் கயிறு.
"முடிச்சு என்னுடையது."
அழவில்லை. அழுதிருந்தாலும்
இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

"வருவாரா?"
தெரியாது என்றேன்.
கொஞ்ச நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு,
"கேனை மட்டும் சொல்லுங்கள்" என்றாள்,
"மற்றது என்னிடம் இருக்கட்டும்."

ஒரு மணிக்கு வாசித்தேன்.
நேற்று சொன்னது உறுதி செய்யப்படாதது, தவறு எங்களுடையது.
கிடைத்த கேன் அந்தப் படகினுடையது என
மாலுமி ஒருவரின் மனைவி அடையாளம் காட்டினார்.
தேடல் தொடர்கிறது.
அடுத்து வானிலை:
தென்கிழக்குக் காற்று. அலை மூன்று மீட்டர்.