காரணம், இரண்டு வரிக்கு மிகாமல்

பத்து இருபதுக்கு நாற்காலி பறந்தது.
யார் மேலும் படவில்லை என்று எழுதினேன்,
படிவம் முதலில் கேட்பது அதைத்தான்.

பெயர்: ஜென்சன் வார்டில். வயது ஒன்பது.
இடம்: நான்காம் வகுப்பு,
கம்பளத்துக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில்.
உடன் இருந்தவர்: நான், உதவி ஆசிரியை,
வாரத்துக்கு இருபத்தேழரை மணி நேரம்,
விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது.
காரணம்,
இரண்டு வரிக்கு மிகாமல்:

மற்ற இருபத்தெட்டுப் பிள்ளைகளையும்
மிஸ்டர் ஆஸ்க்யூ நூலகத்துக்குக் கூட்டிப்போனார்.
போகிறபோது ஒருத்தி
பென்சில் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள்,
வெள்ளம் வருமுன் நகையை எடுப்பதுபோல்.

மேசைக்கு அடியில் அவன்,
சட்டைக் கையை மென்றபடி.
பயிற்சியில் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது.
குரலைத் தாழ்த்து. பக்கவாட்டில் இரு.
கதவை மறைக்காதே.
ஐம்பத்துமூன்று வயது முழங்கால் எப்படி மடங்கும் என்று மட்டும்
யாரும் சொல்லித்தரவில்லை.
படுத்துவிட்டேன்.
கம்பளத்தில் பழைய பால் வாடை.
மேசையின் அடிப்பக்கம் யார் யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம்.
ஏழு என்றேன்.
எட்டு என்றான்.
சரிதான், எட்டு.

அப்புறம் நெடுநேரம் ஒன்றும் இல்லை.
குழாய் சொட்டியது.
ஒன்றும் இல்லாததை எழுதப்
படிவத்தில் கட்டம் கிடையாது.
அன்றைக்கு நடந்ததில் பெரும்பங்கு அதுதான்.

பிறகு, பலகையைப் பார்த்து:
"என் ஜன்னலை எடுத்துட்டாங்க."

திங்கட்கிழமை இடம் மாற்றியிருந்தார்கள்.
நல்லெண்ணத்தோடுதான்.
எந்நேரமும் வெளியே பார்க்கிறானாம்.
வெளியே என்ன இருக்கிறது?
ஒரு கம்பிவேலி, மீன் ஆலையின் முதுகு,
ஃப்ளீட்வுட்டுக்கு வந்து முடிந்துபோகும் டிராம் பாதை.
கடல்கூடத் தெரியாது,
அதன் நாற்றம்தான் வரும்.

"செவ்வாய்க்கிழமை பத்து இருபது டிராம்ல
அம்மா வேலைக்குப் போவாங்க.
ரெண்டாவது பெட்டி. இந்தப் பக்கம்."

கை காட்டுவாங்களா என்று நான் கேட்கவில்லை.
பெரியம்மா வீட்டுக்கு அவன் வந்து பதினான்கு மாதம்.
அவன் அம்மா இந்த ஊரில்தான் இருக்கிறாளா,
எனக்குத் தெரியாது.
அவனுக்குத் தெரியுமா,
அதுவும் தெரியாது.

"யார்ட்டயும் சொல்லாதீங்க, மிஸ்."
அந்த ஒரு வாக்கை மட்டும் கொடுக்கக் கூடாது.
விதி. நல்ல விதி.
அதனால் பிழைத்த பிள்ளைகள் இருவரை எனக்குத் தெரியும்.
"மிசஸ் ராஸ்தார்ன்கிட்ட சொல்லணும்ப்பா.
அவங்ககிட்ட மட்டும்."
சுவர்ப்பக்கம் புரண்டுகொண்டான்.

மதியம் ஓய்வறையில் யாரோ சொன்னார்கள்,
கவனத்தை இழுக்கத்தான் இந்த ஆட்டமெல்லாம் என்று.
ஆமாம் என்றேன்,
தேநீர்ப் பையை நசுக்கியபடி.
பசித்தவன் தட்டை இழுப்பதில்லையா.

காரணம்: இருக்கை மாற்றம்.
பரிந்துரை: ஜன்னலைத் திருப்பித் தரவும்.
இரண்டு வரி. மிகவில்லை.

அடுத்த செவ்வாய்.
பின்னங்கள். முக்காலில் பாதி எவ்வளவு.
ஒரு வாரமாக என்னோடு பேச்சு இல்லை.
பத்து பதினெட்டு. அவன் தாளைத் தொடவில்லை,
மிஸ்டர் ஆஸ்க்யூவும் தொடச் சொல்லவில்லை.
பத்து இருபது. வேலி, ஆலை, மழை.
பத்து இருபத்திரண்டு.
நாற்காலிக் காலை
நான் இறுகப் பிடித்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.
அவன் நாற்காலியை அல்ல, என்னுடையதை.

பத்து இருபத்துநாலுக்கு வந்தது டிராம்,
கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்து.
உள்ளே யார் என்று
எவராலும் சொல்லியிருக்க முடியாது.

"லேட்டு" என்றான்,
என்னிடமா என்று தெரியவில்லை.
பென்சிலை எடுத்தான்.
எட்டில் மூன்று.