செய்வினை

குழலி பள்ளிக்கூடம் போகாத இரண்டாவது அறுவடை இது.
கேட்பவர்களிடம்
"படிப்பு நின்னுபோச்சு" என்கிறேன்,
ஆற்றில் தண்ணீர் நின்றுபோன மாதிரி,
யாரும் எதுவும் செய்யாத மாதிரி.
தனித்தேர்வர் விண்ணப்பத்தில்
பள்ளியை விட்ட காரணம் என்ற கட்டத்துக்குள்
இவர் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதினார்.
குடும்பம் சும்மாதான் இருந்தது.

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்,
பருவத்துக்கு மட்டும்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
நெல்லைக் காயவைத்து எடுத்துவரச் சொல்வேன்.
அதே வாயால் வீட்டில்
அவள் கட்டுரையைத் திருப்பித் தருவேன்:
"ஈரம் அதிகம். இன்னும் ஒரு வெயில் காட்டு."

பாடத்திட்டம் என்று ஒன்றும் கிடையாது.
தார்ப்பாய் மடிக்கிறவர்களைப் பத்து வரியில் எழுது,
"கஷ்டம்" என்ற சொல் வரக்கூடாது.
தம்பிக்கு ஏன் கோபம் என்று எழுது,
அவன் பக்கம் நின்று.
கொல்லையில் தொங்கும் கம்பிக்காக
மின்வாரியத்துக்கு ஒரு கடிதம்.
ஏழே வரி. ஒன்பதாம் நாள் ஏணியோடு ஆள் வந்தார்.
மருதன் சொன்னான், "அக்கா பாஸ்."

நீடாமங்கலம் கேட் மூடினால் அதுவும் வகுப்பு.
இவருடைய லோடு ஆட்டோவின் பின்னால் கால் தொங்க உட்கார்ந்து
திறக்கும்வரை எழுதுவாள்:
வெள்ளரிப்பிஞ்சு விற்பவர் பேருந்து ஜன்னல்களை
எண்ணிக்கொண்டே வருவதை,
ஆம்புலன்ஸ் அலறி அலறி ஓய்ந்ததை,
நம் நெல் நாற்பத்திரண்டு பெட்டிகளில்
நம்மையே நிறுத்திவைத்துவிட்டுப் போவதை.
அந்தக் கடைசி வரியை நான் தொடவில்லை.

மாசியில் இலக்கணம்.
"கதவு உடைக்கப்பட்டது. யார் உடைத்தது?
செயப்பாட்டுவினைக்குப் பின்னால் ஆள் ஒளிந்திருக்கிறான்,
இழுத்து முன்னால் நிறுத்து.
செய்வினை வை!" என்றேன் சத்தமாக.
உள்ளே நுழைந்த நாத்தனார் குணவதி
சொம்பைக் கீழே போட்டாள்.
மறுநாள் நிலைப்படியில் எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய்.
பிள்ளை படிப்பை யாரோ கட்டிவிட்டார்களென்று
முதலிலிருந்தே அவளுக்குச் சந்தேகம்.
குழலி ஒரு வாரம் சிரித்தாள்.
அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று
நானும் இவரும் பேசிக்கொள்ளவில்லை.

பங்குனியில் பதினொரு மூட்டை குறைந்தது, என் பொறுப்பில்.
விளக்கம் கேட்டு மண்டல அலுவலகத்திலிருந்து தாள் வந்தது.
இரவு உட்கார்ந்து எழுதினேன்:
"இருப்பில் குறைவு ஏற்பட்டிருப்பதாக அறியப்படுகிறது.
எடையிடுகையில் கவனக்குறைவு நேர்ந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது."
காலையில் பார்த்தால்
பென்சிலால் இரண்டு வட்டம்.
ஓரத்தில், என் கையெழுத்தைப் போலவே சாய்ந்த எழுத்தில்:
யார் குறைத்தது? யார் கருதுவது?
ஈரம் அதிகம்.

யார் குறைத்தது என்று எனக்குத் தெரியும்.
லாரி எண்ணும் தெரியும்.
அடுத்த பருவத்துக்கு எனக்கு வேலை தரும் கையெழுத்து
யாருடையது என்பதும் தெரியும்.
"இதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன்.
சொன்ன உடனே
எந்த வகுப்பறையில், எத்தனை பேர் முன்னால்
இதே வாக்கியத்தை அவள் கேட்டிருப்பாள் என்று தோன்றி
இட்லித் துணியை இரண்டு தடவை அலசினேன்.

அவள் பதில் பேசவில்லை.
நோட்டைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.
"பள்ளிக்கூடம்" என்று தலைப்பு மட்டும் போட்டு
பதினாலு மாதமாகச் சும்மா கிடந்த பக்கம்.
இப்போது ஒரு வரி இருந்தது.

நான் நின்றேன்.

எழுவாய். பயனிலை. முற்றுப்புள்ளி.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
"அடுத்து?" என்று ஓரத்தில் எழுதலாமா என யோசிப்பதற்குள்
"அம்மா, சோப்பு இல்லை" என்று குரல்.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விளக்கக் கடிதம் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.
"நான்" என்று ஆரம்பித்து
மூன்று தாளைக் கசக்கியாயிற்று.
வெள்ளிக்கிழமை கெடு.
வாசலில் அந்த எலுமிச்சம்பழம்
கறுத்துச் சுருங்கிவிட்டது.
பதினேழுக்கும் கீழே போயிருக்கும்.