திங்கட்கிழமைச் சத்தம்

சரளையைத் தகர டின்னில் போட்டு
யாரோ விடாமல் குலுக்குவதுபோல
என்று போனில் சொன்னார் பத்திஸ்தா சலேரி.
மூன்றாம் முறையாகச் சொன்னார்.

லுமெத்ஸானே. ஜனவரி.
மலையிடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் பட்டறைகள்.
குழாய், கரண்டி, வாணலி, வாணலி மூடி.
நானூறு டன் பிரஸ் ஒன்று
வட்டத் தகட்டை ஒரே அமுக்கில் பாத்திரமாக்கும்.
இப்போது விளிம்பெல்லாம் சுருக்கம்,
நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனி மாதிரி.

நவம்பரில் ஒரு பம்ப் மாற்றினேன்.
டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்பு, இன்னொன்று.
இரண்டு முறையும் முறைப்படிதான்:
கசிவுக் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு
கடிகாரம் பார்த்தேன்.
நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றால் உடம்புக்கு ஒன்றுமில்லை.
பதினொன்று வந்தது.
பிரித்தால்
வால்வுத் தட்டு முழுக்க அம்மைத் தழும்பு.
பித்தளைச் செருப்புகள் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தன.
'பம்ப் பழுது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்:
ஓர்னெல்லா கிதினி.
செத்தவன் செத்தான் என்று சொல்ல
மருத்துவர் எதற்கு?
அப்போது என்னை யாரும் அதைக் கேட்கவில்லை.

கேட்காமலே சொன்னவர் ஒருவர்தான்.
பிரஸ் ஓட்டும் மோடு சீசே,
காதடைப்பானை ஒருபக்கம் தூக்கி,
"திங்கட்கிழமை காலையில்தான் கத்தும்.
பத்து மணிக்குமேல் பூனை" என்றார், டிசம்பரில்.
நான் தலையாட்டினேன்.
தலையாட்டுவது கேட்பதாகாது.
நான் வந்து சேர்வது எப்போதும் பதினொன்றுக்கு,
மலைப்பாதை லாரிகளின் பின்னால்.

இந்த முறை
மூன்றாவது பம்பை வேனில் வைத்தபடி
திங்கள், ஐந்தே முக்காலுக்கே நின்றேன்.
கூரைத் தகரம் பனியில் முறுக்கிக்கொண்டிருந்தது.
உறிஞ்சு குழாயில் வெற்றிடக் கேஜை மாட்டினேன்.
மோடு பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

முள் இடப்பக்கம் விழுந்தது.
சரளை.
என் பல்லிலேயே தெரிந்தது.
தாகத்தில் இழுக்கிறது பம்ப், ஆயில் வரவில்லை;
வராத இடத்தில் குமிழ் பிறக்கிறது;
குமிழ் அழுத்தத்துக்குள் போய் உடைகிறது;
உடையும்போதெல்லாம் எஃகில் ஒரு கடி.
கடுகளவுகூட இல்லை.
ஆனால் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று.

"நிறுத்து."

வடிகட்டி சுத்தம். குழாயின் உட்தோல் உரியவில்லை.
டேங்க் மூடியைத் திறந்து
ஸ்குரூடிரைவரை முக்கித் தூக்கினேன்.
ஆயில் சொட்டவில்லை. யோசித்தது.
தெர்மாமீட்டரில் நான்கு டிகிரி.

டேங்கின் விலாவில் ஒரு ஹீட்டர் உண்டு.
அதன் வயரைக் கையில் பிடித்துக்கொண்டே போனேன்,
பிரஸ்ஸுக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில், சுவரோரம்,
மூலைவரை.
பிளக் தரையில் கிடந்தது.
அது இருக்கவேண்டிய சாக்கெட்டில்
காபி மெஷின்.

"அக்டோபரில் வாங்கியது" என்றார் பத்திஸ்தா.
குரல் வழக்கத்தைவிடச் சின்னது.
"தவணையில்."

நவம்பரில் அதில் இரண்டு குடித்தேன்.
டிசம்பரில் மூன்று, ஒன்றில் சர்க்கரை தூக்கலாக.
நல்ல காபி என்று சொல்லவும் செய்தேன்.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
நான் நோகக்கூட இல்லை;
எய்தவன் கையால் வாங்கிக் குடித்துவிட்டு
அம்பை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தேன்,
ரசீதோடு.

ஹீட்டரைச் செருகினோம்.
அத்தனை லிட்டரும் இளக நாலு மணி நேரம்.
ஆறு பேர், கைகளை அக்குளில் வைத்து,
காபி இல்லாமல் நின்றோம்.
நீட்டிப்பு வயர் இருக்கிறதா என்று கேட்க
யாருக்கும் துணிவில்லை.

பத்தேகாலுக்கு மோடு மறுபடி அழுத்தினார்.
முள் லேசாக அசைந்து, நின்றது.
பூனை என்று சொல்ல மாட்டேன்.
தொண்டையில் ஏதோ மிச்சம் இருந்தது.
வாளியில் இரண்டரை லிட்டர்:
இதுவும் கொஞ்சம் கடிபட்டதுதான்.
கோடை வரை ஓடும். அதற்குமேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

முதல் வாணலி வந்தது.
மோடு விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார்,
எதுவும் சொல்லாமல் அடுக்கில் வைத்தார்.

ரசீது எழுத வேனில் உட்கார்ந்தேன்.
பக்கத்துச் சீட்டில், பெல்ட் போட்டபடி,
பெட்டி பிரிக்காத பம்ப்.
உதிரிபாகம்: இல்லை.
'பழுதின் காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
உதறிப் பார்த்தேன். மையும் இறுகிப் போயிருந்தது.
உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து
ஊதிக்கொண்டிருந்தேன்.