பதினோரு பைசா

கருப்பூர் சிட்கோ, மூன்றாவது தெரு.
விலை எழுதுவது என் வேலை.
இரும்பு கிலோ இவ்வளவு, கரண்ட் இவ்வளவு,
கூலி, எண்ணெய், அட்டைப்பெட்டி,
தூத்துக்குடி வரைக்கும் லாரி வாடகை.
கடைசி வரியில் செங்கோடன் சார் விரல் வைப்பார்:
"இதுல கொஞ்சம் கொறம்மா."

பன்னிரண்டு வருஷம் இருக்கும். மாம்பழ சீசன்,
ஆபீஸெல்லாம் வாசனை.
ஒரு கதவுக் கீலுக்கு விலை கேட்டிருந்தார்கள்.
இடப்பக்கக் கதவு,
அமெரிக்காவில் ஓட்டுகிறவர் இறங்கும் பக்கம்.
ஒஹையோவில் ஓர் ஆலை
முப்பத்தோரு வருஷமாக அதைச் செய்துவந்ததாம்.
புனேக்காரர் ஒரு விலை போட்டிருந்தார்.
நான் அதில் பதினோரு பைசா குறைத்தேன்.
எங்கிருந்து என்று இன்றைக்கும் சொல்ல முடியும்:
எண்ணெயில் நாலு,
மாதேசின் இரவு ஷிப்ட் படியில் ஏழு.

ஆர்டர் வந்த அன்று எல்லோருக்கும் தட்டுவடை செட்.
பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்தி
மாதேஸ் சிரித்துக்கொண்டிருந்தான்.
அந்த ஏழை நான் அவனிடம் சொல்லவில்லை.

பிறகு வரைபடங்கள் வந்தன,
ஒரு தகரக் குழாய்க்குள் சுருட்டி.
மூன்றாவது தாளில், இரண்டாம் துளைக்குப் பக்கத்தில்,
பென்சிலில், சாய்ந்த ஆங்கிலத்தில்:
இங்கே பிசிறு வரும்.
விரலால் தடவிப் பார். கண்ணை நம்பாதே.
கீழே டி.கே.

ஆணா பெண்ணா தெரியாது.
பக்கத்து மெஷின்காரருக்கு எழுதியதா,
வேலை போகப் போகிறது என்று தெரிந்த பிறகு
எங்களுக்கு எழுதியதா, அதுவும் தெரியாது.
ஒரு மதியம் டிபன் பாக்ஸை ஓரம் வைத்துவிட்டு
கம்ப்யூட்டரில் அந்த ஊரை மேலிருந்து பார்த்தேன்.
ஆலைக் கூரை. கார் நிறுத்தக் கோடு போட்ட
பெரிய மைதானம். அதில் மூன்றே கார்கள்.
மூன்றிலும் டி.கே. தடவிப் பார்த்த கீல் இருக்கலாம்.
பார்சல் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தோம்.
மாதத்துக்கு நாற்பதாயிரம் கீல்.
மாதேஸ் ஓமலூர் பக்கம் ஒன்றரை சென்ட் வாங்கினான்.
தங்கையை நான் நர்சிங் சேர்த்தேன்.
எங்களுக்கும் ஒரு விஷயம் பிடிபட்டது:
ஐப்பசியில் ஏற்காட்டுப் பனி இறங்கி
வெள்ளைக்கல் குழிமேடெல்லாம் மறையும் காலையில்
முதல் ஐம்பது கீல் அளவில் நிற்காது.
இருபது நிமிஷம் மெஷினை வெறுமனே ஓடவிட வேண்டும்.
எந்தத் தாளிலும் இது இல்லை.
ஒரு லாரி திரும்பி வந்தபின் கற்றுக்கொண்டது.

வருஷா வருஷம் ஒரு கடிதம் வரும்.
அன்பாகத்தான் எழுதுவார்கள்,
மூன்று சதவீதம் குறைக்கச் சொல்லி.
எண்ணெய் தீர்ந்தது, அட்டை மெலிந்தது,
படி என்ற வரியே தாளில் இல்லாமல் போனது.
போன தையில் எங்களால் எழுத முடியாத ஒரு விலையை
யாரோ எழுதிவிட்டார்கள்.
என்னைப் போல ஒருத்தியாக இருக்கும்,
செங்கோடன் சார் உச்சரிக்கத் திணறிய ஓர் ஊரில்,
மின்விசிறிக்குக் கீழே.
அவள் எங்கிருந்து குறைத்தாள் என்று எனக்குத் தெரியும்.

அச்சுகளுக்கு மாதேஸ் கிரீஸ் தடவினான்,
மூலை முடுக்கெல்லாம், விரல் விட்டு.
"எதுக்குடா இவ்ளோ?"
"துருப் புடிச்சா நம்மளத்தான திட்டுவான்."

வரைபடங்களை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார்கள்.
கோடு விழுந்தது, துளை விழுந்தது, அளவு விழுந்தது.
பென்சில் மட்டும் விழவில்லை.
இன்னொரு தடவை வைத்தேன். வெறும் வெள்ளை.

நீலப் பேனாவை எடுத்து
அந்த வரியின் மேலேயே எழுதினேன்,
ஒவ்வொரு எழுத்தின் சாய்வுக்கும் கையைச் சாய்த்து,
டி.கே. வரைக்கும், அந்தப் புள்ளி வரைக்கும்.
இப்போது விழுந்தது. அனுப்பிவிட்டேன்.

பனிக்காலத்து இருபது நிமிஷத்தை எழுதவில்லை.
தாளில் இடம் இருந்தது.
பேனா கையில்தான் இருந்தது.