ஏழாம் கேள்விக்கு அவர் எழுதிய பதில்

லியேபாயா வேலைவாய்ப்பு அலுவலகம்.
மார்ச் மாத ஈரம்.
ஹீட்டர்மேல் யாருடையதோ காலுறை காய்கிறது.
"எந்த வேலை வேண்டாம்?" என்ற ஏழாம் கேள்விக்கு
இல்க்வார்ஸ் எழுதியிருந்தார்:
எண்கள்.

பதினோரு வருடம் துறைமுகக் கிடங்கில்
பைன் பலகை எண்ணியவர்.
தூக்கத்திலும் உதடு அசைந்ததாம்.
ஒருநாள்
முந்நூற்றுப் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில்
வாய் நின்றுபோனது.
"எண்ணி எண்ணி எண்ணமே ஓய்ந்துவிட்டது" என்றார்
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

பட்டியலை விரித்தேன்.
தச்சு? அளவுநாடா.
ரொட்டி அடுப்பு? கிராம்.
மருத்துவமனை உதவியாள்? சொட்டுக் கணக்கு.
பூக்கடை, என்றேன், கிட்டத்தட்டக் கெஞ்சலாக.
"ஒற்றைப்படை என்றால் பிறந்தநாள்,
இரட்டைப்படை என்றால் சவப்பெட்டி.
பூவையும் விட்டுவைக்கவில்லையே நாம்."

ஜன்னலுக்கு வெளியே டிராம் போனது.
ஊருக்கே ஒரே தடம்;
எந்த எண் என்று யாரும் கேட்பதில்லை.
அப்போதுதான் ஞாபகம் வந்தது:
பணிமனைக்குப் பின்னால்
தொலைந்த பொருள் அறை.
அரை நாள் வேலை. சம்பளத்தைச் சொல்ல எனக்கே கூச்சம்.
அவர் கேட்கவும் இல்லை.

மே மாதம் மேலாளர் போனில் கத்தினார்:
"உங்கள் ஆள் எதற்கும் வரிசை எண் போடவில்லை!"
போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன்.

கறுப்புக் குடை. காற்றோடு சண்டை போட்டுத் தோற்றது.
குழந்தையின் ஒற்றைச் செருப்பு. வாரில் பல் தடம், நாயுடையது அல்ல.
பச்சைக் கையுறை. கட்டைவிரலை வேறொரு பச்சையில் தைத்திருக்கிறார்கள். தைத்தவருக்கு அவசரம்.

நான் நிற்கும்போதே ஒரு பெண் வந்தாள்.
கையுறை என்றாள்.
"தைத்தது எங்கே?" என்றார்.
"டிராமில்தான்.
வேறு நூல் இருக்கவில்லை."
எழுந்து போனார், தேடாமல் எடுத்து வந்தார்.

எனக்கு எண்களோடு பகை கிடையாது.
வந்தவர் நாற்பத்தொன்று, வேலை கிடைத்தவர் ஆறு என்று
மாதாமாதம் கட்டத்தில் தட்டுகிறவள் நான்.
கட்டம் சின்னது. கையுறை கொள்ளாது.

மேலாளரோடு ஓர் உடன்பாடு:
வெள்ளி மாலைகளில் வரிசை எண்களை
நானே வந்து ஒட்டுகிறேன்.
குடைக்கு, செருப்புக்கு,
கூண்டோடு யாரோ விட்டுப்போன கிளிக்குக்கூட.

ஒட்டி முடியும்வரை
இல்க்வார்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்,
ஊசி போடும்போது
குழந்தைகள் திரும்பிக்கொள்வதுபோல.